சுருள் கூந்தலுக்குத் திரும்பும் கறுப்பினப் பெண்கள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழும் கறுப்பினப் பெண்களில் கணிசமானோர், சிறுமிகளாக இருந்தபோதே தாயோ பெரியம்மாவோ பூசிவிட்ட ரசாயனக் களிம்பினால் நேராக்கப்பட்டு, பின்னர் ஆண்டுக்கணக்கில் அவ்வாறே பராமரிக்கப்பட்டுவந்த தங்கள் கேசத்தை, இனி அக்களிம்பு தீண்டாமல் பிறவிச் சுபாவப்படியே சுருண்டு வளரவிடுவதென்று நிச்சயித்து, அந்த நிச்சயத்தை மாதக்கணக்கில், சமயங்களில் இரண்டு வருஷ காலம்கூட, கைவிடாமல் நடத்திவருகிறார்கள். இதைத் தலையலங்காரத்தில் தோன்றிய ஒரு நாகரிக மாற்றம் என்று எண்ணிக் கடந்துவிடுவது சுலபம். ஆனால் அந்தக் கூந்தலின் மீது ரசாயனமும் சட்டமும் உத்தியோக சாலையும் பள்ளிக்கூடமும் செலுத்திவந்த ஆதிக்கத்தை அறிந்தவர்களுக்கு, ஒரு பெண் தன் தலைமுடியை அதன் போக்கில் விடுவதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டியிருக்கிறது என்பது விளங்கும்.

முதலில் அந்தக் களிம்பு செய்யும் காரியத்தைப் பார்ப்போம். கெராட்டின் என்னும் புரதத்தாலான முடியிழையின் வடிவத்தைப் பிடித்து நிறுத்துவதில் அதனுள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ரிலாக்ஸர் என்று வழங்கும் களிம்பிலுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது சோப்புக் காய்ச்சப் பயன்படும் அதே காஸ்டிக் சோடா, அப்பிணைப்புகளை உடைத்து வேறொரு நிலைத்த பிணைப்பாக மாற்றிவிடுவதால், ஒருமுறை நேரான இழை, எத்தனை முறை அலசினாலும் எந்தத் தைலத்தைத் தடவினாலும், பழைய சுருளுக்குத் திரும்புவதில்லை. காஸ்டிக் சோடா கலவாதது என்று சொல்லி விற்கப்படும் வகைகளிலும் கால்சியம் ஹைட்ராக்சைடும் குவானிடின் கார்பனேட்டும் சேர்ந்து உண்டாக்கும் இன்னொரு வன்காரமே பெரும்பாலும் வேலை செய்கிறது. களிம்பு பூசும் நாள் நெருங்கும்போது தலையைச் சொறியாதே என்று தாய்மார் மகள்களை எச்சரிப்பது வழக்கம். நகம் பட்ட இடத்தில் காரம் இறங்கினால் தோல் வெந்து பொருக்குக் கட்டிவிடும். நெற்றியோரத்திலும் காதுமடலிலும் வாஸலீன் தடவிக்கொண்டு, உச்சந்தலை எரியத் தொடங்கிய பின்னும், இன்னும் சிறிது நேரம் பொறுத்தால் நன்றாக நேராகிவிடும் என்று பல்லைக் கடித்து உட்கார்ந்திருந்த பெண்கள் ஏராளம். இத்தனை வேதனைப்பட்டும், தோலுக்கடியிலுள்ள மயிர்க்காலின் சுபாவத்தை அந்தக் காரம் மாற்றுவதில்லையாகையால், புதிதாக முளைப்பது சுருளாகவே முளைக்கிறது. ஆறு வாரத்துக்கோ எட்டு வாரத்துக்கோ ஒருமுறை வேர்ப்பகுதிக்கு மறுபடியும் களிம்பு பூசியாகவேண்டும்.

இந்தச் சுழற்சியை நிறுத்த விரும்புகிறவளுக்கு இரண்டே மார்க்கங்கள் உண்டு. ஒன்று, 'பிக் சாப்' என்று அவர்கள் சொல்லும் முறை: நேரான பகுதி முழுவதையும் ஒரே நாளில் வெட்டி எறிந்து, ஓரிரு அங்குல முடியோடு வெளியே நடப்பது. மற்றொன்று, நேரான நுனியை வைத்துக்கொண்டே வேரில் சுருளை வளரவிட்டு, சிறிது சிறிதாக நுனியைக் கத்தரித்துவரும் 'டிரான்சிஷனிங்'. தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1.25 சென்டிமீட்டர்தான் வளர்கிறதென்பதையும், ஒரு வருஷம் காத்திருந்தாலும் 15 சென்டிமீட்டருக்கு மேல் அதிகம் எதிர்பார்க்க முடியாதென்பதையும் நினைத்தால், இரண்டாவது மார்க்கமே மென்மையானதாகத் தோன்றினும், உண்மையில் அதுவே கடினமானது என்பது என் எண்ணம். சுருளும் நேரும் சந்திக்கும் அந்த எல்லைக்கோட்டில் இழை மிகவும் பலவீனமாக இருப்பதால், அவசரத்தில் சீப்பை இழுத்தால் கொத்தாக உடைந்து கையோடு வந்துவிடும். ஆகவே, கண்டிஷனரை வாரிப் பூசி முடியை நன்றாக ஊறவைத்து, நான்கைந்து பகுதிகளாக வகிர்ந்து கிளிப்பு மாட்டி, ஒவ்வொரு பகுதியையும் முதலில் விரலாலும் பின்னர் பல் அகன்ற சீப்பாலும், நுனியில் தொடங்கி வேரை நோக்கி மெல்ல மெல்லச் சிக்கெடுக்கவேண்டும். 'வாஷ் டே' எனப்படும் அந்தத் தலைமுழுக்கு நாளில் பாதிப் பகல் இதற்கே போய்விடும். இரட்டைப் புரியாக முறுக்கியோ பின்னியோ உலரவைத்து அவிழ்த்தால் இருவகை முடியும் ஒன்றுபோல் தோன்றும். இரவில் தலையணையின் பருத்தித் துணி ஈரத்தை உறிஞ்சாதபடி சாட்டின் தொப்பியும் அணிந்துகொள்வார்கள். ஏனெனில் நெருங்கிச் சுருண்ட முடி எளிதில் வறண்டுபோகக்கூடியது. தலைத்தோலில் ஊறும் எண்ணெய் நேரான இழையில் வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கிவிடும். திருகித் திருகிச் செல்லும் இழையிலோ, மலைப்பாதையில் ஏறும் வண்டியைப்போல, வளைவுதோறும் தயங்கிப் பாதியிலேயே நின்றுவிடும்.

இவ்வளவு பாடுபட்டு மீட்கவேண்டிய நிலைக்கு அந்தக் கேசம் எப்படி வந்தது? ஸ்பெயினின் ஆட்சியிலிருந்த லூசியானாவில், 1786-இல், எஸ்தெபான் மீரோ என்ற ஆளுநர், அடிமைத்தளையில் இல்லாத கறுப்பின, கலப்பினப் பெண்கள் தலையலங்காரத்தோடு வெளிவரலாகாது, துணியால் மூடிக்கொள்ளவேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். அப்பெண்களோ அத்துணியையே பளிச்சிடும் வர்ணங்களில் எடுத்துக் கட்டி அதையும் ஓர் அலங்காரமாக்கிக்கொண்டார்கள். அடிமைமுறை ஒழிந்த பின்னரும், நேரான முடியே 'நல்ல முடி' என்ற எண்ணம் வேரூன்றிவிட்டிருந்த காலத்தில், துணி வெளுத்துப் பிழைத்துவந்த சாரா பிரீட்லவ் என்ற பெண், மேடம் சி. ஜே. வாக்கர் என்ற பெயரில் தைலங்கள் விற்று, ஆயிரக்கணக்கான கறுப்பினப் பெண்களுக்குச் சொந்தக் காலில் நிற்கும் ஜீவனத்தை அமைத்துக் கொடுத்தார். முடியை நேராக்கச் சூடேற்றிய சீப்பு பரவியதற்காக அவரை இன்று சிலர் குறை கூறுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. வேலை கொடுக்கிறவன் முகம் சுளிக்காமலிருக்கவேண்டுமென்று மகளின் தலையில் களிம்பு பூசிய தாயையும் நான் குறை கூறமாட்டேன். அவள் அறிந்த பாதுகாப்பு அதுதான்.

அந்தத் தாயின் அச்சம் வீணானதும் அல்ல. 1962 ஜனவரியில், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், ஓர் அழகு நிகழ்ச்சியில் இயற்கைக் கூந்தலோடு மேடையேறிய கறுப்பின மாதர்கள், அந்தப் பத்தாண்டு முழுவதும் பரவிய ஆஃப்ரோ அலங்காரத்துக்கு முன்னோடிகளாக விளங்கினார்கள். ஆயினும் 1981-இல், கார்ன்ரோ என்னும் நெருக்கப் பின்னலோடு பணிக்கு வந்த ரெனே ராஜர்ஸ் என்ற பெண் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மீது தொடுத்த வழக்கில், பின்னல் என்பது எளிதில் மாற்றிக்கொள்ளக்கூடியது, பிறவிக்குணம் அல்ல என்று கூறி நீதிமன்றம் அந்தக் கோரிக்கையை நிராகரித்தது. அலபாமாவின் மொபில் நகரில், லாக்ஸ் என்னும் சடைப்புரிகளை வெட்ட மறுத்ததற்காகக் கிடைத்த வேலையை இழந்த ஒரு பெண்ணின் வழக்கிலும், 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏறக்குறைய அதே தர்க்கத்தையே சொல்லிற்று. நேராக்குவதற்கு நெருப்பும் காரமும் தேவைப்பட்ட முடியைக் குறித்து, மாற்றிக்கொள்வது எளிது என்று எழுதிய பேனாவை என்னால் மன்னிக்க இயலவில்லை.

இதற்கிடையே ஆரோக்கியத்தைப் பற்றிய கவலையும் சேர்ந்துகொண்டது. அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிறுவன ஆய்வாளர்கள், 33,497 பெண்களைச் சுமார் 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2022 அக்டோபரில் வெளியிட்ட முடிவின்படி, முடி நேராக்கும் பொருள்களை ஒருபோதும் பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் காண்போர் 1.64 சதவீதம் என்று கணக்கிடப்பட்டது. வருஷத்தில் நான்கு முறைக்கு மேல் பயன்படுத்துவோரில் அது 4.05 சதவீதம். அப்பொருள்களே காரணம் என்று இந்த ஆய்வு நிலைநாட்டிவிடவில்லை. தொடர்பை மட்டுமே காட்டுகிறது. ஆனால் அவற்றைப் பயன்படுத்துவதாகச் சொன்னவர்களில் சுமார் 60 சதவீதத்தினர் கறுப்பினப் பெண்கள் என்பதால், இந்தச் செய்தி முக்கியமாக யார் வீட்டு வாசலில் வந்து நிற்கிறதென்பதை விளக்கவேண்டியதில்லை.

சட்டமும் தாமதமாகவேனும் அசையத் தொடங்கியிருக்கிறது. கூந்தலின் தன்மையையும், பின்னல், முறுக்கு, லாக்ஸ் முதலிய அலங்காரங்களையும் காரணம் காட்டி ஒருவரை வேலையிலோ பள்ளியிலோ ஒதுக்குவது இனப் பாகுபாடே என்று கூறும் 'கிரவுன்' சட்டத்தை, 2019 ஜூலையில், கலிபோர்னியா மாநிலம் முதன்முதலாக இயற்றியது. பின்னர் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அவ்வழியில் சென்றன. தேசம் முழுமைக்குமான மசோதா 2022 மார்ச்சில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும் செனட் சபையைத் தாண்டவில்லை. சட்டம் உள்ள இடத்திலும் சந்து கண்டுபிடிக்கிறார்கள்: டெக்சாஸில் 2023 செப்டம்பரில் இச்சட்டம் அமலுக்கு வந்தபோதிலும், லாக்ஸ் வைத்திருந்த ஒரு மாணவன் முடியின் நீளத்தின் பேரில் மாதக்கணக்கில் வகுப்பிலிருந்து விலக்கிவைக்கப்பட, நீளத்தைக் கட்டுப்படுத்துவதை இச்சட்டம் தடுக்கவில்லை என்று 2024 பிப்ரவரியில் ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார். ஆகவே, இன்று களிம்பை நிறுத்திவிட்டு வேரில் சுருளை வளர்க்கத் தொடங்கும் ஒரு பெண், சீப்பையும் கண்டிஷனரையும் தேர்ந்தெடுப்பதோடு நில்லாமல், தன் மாநிலத்தில் இச்சட்டம் உண்டா, உண்டெனில் அதன் வாசகம் எதுவரை செல்கிறது என்பதையும் கேட்டறிந்துகொள்ள வேண்டியவளாகவே இருக்கிறாள்.