சுத்த கணிதமா, பிரயோக கணிதமா?

கலாசாலையில் கணிதத்தைச் சிறப்புப் பாடமாகக் கொள்ளும் மாணாக்கர் முன் இரண்டு வழிகள் பிரிந்து நிற்கின்றன. சுத்த கணிதம், எண், வடிவம் முதலியவற்றின் உண்மைகளை அவற்றிற்காகவே ஆராய்வது. பிரயோக கணிதம், வெப்பம், காற்று, வியாபாரம், நோய் பரவுதல் போன்ற உலக விஷயங்களுக்குக் கணக்கைப் பயன்படுத்துவது. பின்னதே சோறு போடும், முன்னது வெறும் அலங்காரம் என்று பெற்றோர் பலர் தீர்ப்புக் கூறி விடுகின்றனர். இஃது அவசரத் தீர்ப்பென்பது நமது அபிப்பிராயம்.

சரித்திரம் என்ன சொல்லுகிறது? ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஹார்டி, தமது ஆராய்ச்சியால் உலகிற்கு லௌகிகப் பயன் எதுவும் விளையவில்லை என்று 1940-ல் வெளியிட்ட நூலில் எழுதினார். எண் சாஸ்திரம் யுத்த காரியத்திற்கு நெடுங்காலம் உதவப் போவதில்லை என்பதும் அவர் நம்பிக்கை. ஆனால் 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடெல்மன் என்ற மூவர் அதே எண் சாஸ்திரத்தைக் கொண்டு ரகசியக் குறியீட்டு முறையொன்றை அமைத்தனர். இரண்டு பெரும் பகா எண்களைப் பெருக்குதல் எளிது. பெருக்கி வந்த தொகையினின்று அவற்றைப் பிரித்தறிதல் மிக அரிது. இவ்வுண்மையே இன்டர்நெட் வழியாக நடந்த எண்ணற்ற பணப் பரிமாற்றங்களுக்குக் காவலாயிற்று.

இது கேட்டுச் சுத்த கணிதத்தார் செருக்குறவும் வேண்டா. பிரான்ஸ் தேசத்து ஃபூரியே, பொருள்களில் வெப்பம் பரவும் விதத்தை ஆராய்ந்து 1822-ல் நூல் வெளியிட்டார். அவர் கையாண்ட தொடர்களைப் பற்றி எழுந்த ஐயங்களே பிற்காலத்தில் ஜெர்மனியில் கான்டரை முடிவிலிக் கணங்களின் ஆராய்ச்சியில் செலுத்தின. சென்னையில் பிறந்த ஸ்ரீநிவாச வரதனையோ எப்பக்கத்தில் நிறுத்துவது? பிரஸிடென்ஸி கலாசாலையில் புள்ளியியல் பயின்ற அவர், அரிதாக நிகழும் சம்பவங்களைப் பற்றிய கொள்கைக்காக 2007-ல் ஏபெல் பரிசு பெற்றார். அக்கொள்கை பௌதிகத்திற்கும் பொருளாதாரத்திற்கும் ஒருங்கே உதவுகின்றது.

ஆகவே மாணாக்கர் செய்யத் தக்கது யாது? முதலில் நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு ஆகியவற்றை நிரூபணங்களோடு ஐயமறக் கற்க வேண்டும். கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதவும் பழக வேண்டும். இவை இரு வழிக்கும் பொதுவான கைப்பொருள். பின்னர்த் தம் மனத்தைக் கேட்கட்டும். 'இஃது ஏன் உண்மை?' என்ற கேள்வி உறங்க விடாதாயின் சுத்த கணிதம். 'இதைக் கொண்டு எதைச் சாதிக்கலாம்?' என்பதாயின் பிரயோக கணிதம். விரைவில் சம்பாதிக்க வேண்டிய ஏழை வீட்டுப் பிள்ளை பிந்தியதை நாடுவது இழுக்கன்று.

ஆனால் அடிப்படை கற்கு முன்னரே ஒரு வழியை அடைத்து விடுவது, மரம் இன்னதென்று அறியுமுன் கன்றை வெட்டுவதையொக்கும். பெற்றோரும் கலாசாலைகளும் அப்பிழையைச் செய்யாதிருப்பார்களாக.