எல்லாவற்றையும் அணைத்த பிறகும் பேட்டரி ஏன் இறங்குகிறது?

இரவில் எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டுப் படுத்தாலும், விடிந்ததும் சோலார் பேட்டரியின் சார்ஜ் குறைந்திருக்கும். பேட்டரியைச் சந்தேகிக்கும் முன் இன்வெர்ட்டரைப் பாருங்கள்.

230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தைத் தயாராக வைத்திருக்க, அதனுள் டிரான்சிஸ்டர்கள் நொடிக்குப் பல ஆயிரம் முறை திறந்து மூடுகின்றன. கனமான டிரான்ஸ்ஃபார்மர் கொண்ட வகையில், இரும்பு உள்ளகத்தின் காந்தத் திசை நொடிக்கு 50 சுற்று மாறி மாறிப் புரள்கிறது. யாரும் மின்சாரம் எடுக்காவிட்டாலும் இது நிற்பதில்லை, செலவானதெல்லாம் வெப்பமாகிவிடுகிறது. இழப்பு 50 வாட் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 1.2 யூனிட். 5 யூனிட் பேட்டரியில் ஏறத்தாழ கால் பங்கு!

உங்கள் வீட்டு இழப்பை நீங்களே அளக்கலாம். சூரியன் மறைந்தபின், மெயின் கரண்ட் சேராதபடி பார்த்துக்கொண்டு, எல்லாக் கருவிகளையும் நிறுத்தி, பேட்டரியிலிருந்து போகும் மின்னோட்டத்தைக் கவனியுங்கள். 48 வோல்ட் பேட்டரியில் 1 ஆம்பியர் காட்டினால் இழப்பு 48 வாட்.

குறைக்கும் வேலை வாங்கும்போதே தொடங்குகிறது. பெரும்பாலும் பெரிய இன்வெர்ட்டருக்குச் சும்மா இருக்கும் செலவும் பெரிது; ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இரட்டிப்புத் திறனில் வாங்குவதை நான் ஏற்கவே மாட்டேன். சில இன்வெர்ட்டர்களில் தேடல் முறை உண்டு: அவ்வப்போது சிறு துடிப்பை அனுப்பி, கருவி ஏதும் இயங்க முயல்கிறதா என்று பார்த்துவிட்டு மீண்டும் உறங்கும். ஆனால் ஒற்றை எல்இடி பல்பையோ போன் சார்ஜரையோ அது உணராமல் போகலாம். உணரும் வாட் அளவை அமைப்பில் குறைத்தால் பெரும்பாலும் சரியாகும்.