நடிப்புப் பள்ளியில் படிக்காமலே கான் மேடை ஏறியவர்... தெரியுமா?

'பாரசைட்' படத்தில், பாதி தரைக்குள் புதைந்த வீட்டில் குடும்பத்தோடு உட்கார்ந்து பீட்சா பெட்டி மடிக்கும் அந்த அப்பாவை மறக்க முடியுமா? அவர்தான் சாங் காங்-ஹோ. உலகமே கொண்டாடும் இந்தத் தென்கொரிய நடிகர், முறையான நடிப்புப் பயிற்சியே பெறாதவர். தெரியுமா?

• 1967-ல் பூசானை ஒட்டிய கிம்ஹேயில் பிறந்தவர். பள்ளி முடித்ததும் நாடகக் குழுக்களில் சேர்ந்துவிட்டார். கீ குக்-சோ என்ற இயக்குநரின் குழுதான் அவரைச் செதுக்கியது. எழுதிக் கொடுத்ததை ஒப்பிப்பதைவிட, அந்தக் கணத்தில் தோன்றுவதை நம்பி நடிக்கச் சொன்ன குழு அது!

• சினிமா வாய்ப்புகள் தேடி வந்தன, அத்தனையையும் மறுத்தார்! கடைசியில் 1996-ல் இயக்குநர் ஹாங் சாங்-சூவின் முதல் படத்தில் தலைகாட்டினார். அதுவும் ஒரு சின்ன வேடம்!

• மறு வருடமே வந்தது 'நம்பர் 3'. அடியாட்களுக்குப் பயிற்சி கொடுக்கும் திக்குவாய் ரவுடியாகச் சிரிக்கவைத்து விருதையும் தட்டினார். 2000-ல் 'தி ஃபவுல் கிங்' படத்தில் முதன்முதலாகக் கதாநாயகன்: பகலில் மேலாளரிடம் திட்டு வாங்கும் வங்கி ஊழியர், இரவில் முகமூடி மல்யுத்த வீரர்!

• இது இன்னும் ஆச்சரியம்! பெயர் தெரியாத நாட்களில் ஒரு படத்துக்குத் தேர்வுக்குப் போனார், வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தின் உதவி இயக்குநர், ஏன் எடுக்கவில்லை என்று விளக்கி, இன்னொரு நாள் சேர்ந்து வேலை செய்வோம் என்று பேஜரில் நீளமாகச் செய்தி விட்டிருந்தார். அந்த உதவி இயக்குநர் யார் தெரியுமா? பின்னாளில் 'பாரசைட்' படத்தை இயக்கிய பாங் ஜூன்-ஹோ! முதல் படம் ஓடாத நிலையில் பாங் தன் இரண்டாவது கதையோடு வந்தபோது, உச்ச நட்சத்திரமாகியிருந்த சாங் அந்தச் செய்தியை மறக்காமல் சம்மதித்தார். அதுதான் 2003-ன் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்'!

• அந்தப் படத்தில், கொலைகாரன் என்று சந்தேகிக்கும் இளைஞனைப் பார்த்து, ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று துப்பறிவாளராக வரும் சாங் கேட்பாரே... அது திரைக்கதையில் இல்லாத வசனம்! அவர் தானாகச் சொன்னது. கொரியாவில் இன்றும் பேசப்படும் வசனம் அது. நாடக மேடை கற்றுக்கொடுத்த துணிச்சல் இப்படித்தான் வெளிப்பட்டது!

• நிஜக் கொலைச் சம்பவங்களை வைத்து எடுத்த படம் அது. கடைசிக் காட்சியில் சாங் கேமராவையே உற்றுப் பார்ப்பார். நிஜக் கொலைகாரன் திரையரங்கில் இருந்தால் அந்தக் கண்களைச் சந்திக்கட்டும் என்பது பாங்கின் எண்ணம். 2019-ல் மரபணுச் சோதனை நிஜக் குற்றவாளியை அடையாளம் காட்டியது!

• அதே 2019-ல் 'பாரசைட்' கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருதை வென்றது. அடுத்த ஆண்டு நான்கு ஆஸ்கர்! 2021-ல் சாங் கான் விழா நடுவர்களில் ஒருவர். 2022-ல் 'ப்ரோக்கர்' படத்துக்காக அங்கேயே சிறந்த நடிகர். அந்த விருதைப் பெற்ற முதல் கொரிய நடிகர் இவர்தான்!

• இத்தனைக்கும் பிறகு, 2024-ல், 57 வயதில்தான் முதன்முதலாக ஒரு தொடரில் நடித்தார். பெயர் 'அங்கிள் சாம்சிக்'. பட்டம் இல்லாமல் தொடங்கிய பயணம் இது. புதிதாக ஒன்றைத் தொடங்க அவருக்கு வயதும் ஒரு தடையாக இல்லை!