தாவீதை ஏவியவர் யார்?

தாவீது மக்களை இலக்கம் பார்த்த நிகழ்ச்சியைத் திருமறை இருமுறை கூறுகின்றது. 2 சாமுவேல் 24:1-இல் அவனை ஏவியவர் கர்த்தர். 1 நாளாகமம் 21:1-இல் சாத்தான்.

நமது பழைய தமிழ் மொழிபெயர்ப்பை மட்டும் வாசிப்போர் இச்சிக்கலை முழுமையாய் உணரார். சாமுவேலில் தாவீது ‘ஏவப்பட்டான்’ எனச் செயப்பாட்டு வினையில் கூறி, ஏவியவர் எவரென்பதை அது சொல்லாது விடுகின்றது. எபிரெயத்திலோ இரு வசனங்களிலும் ஒரே வினைச்சொல் செய்வினையாய் நிற்கின்றது. சாமுவேலில் அதன் எழுவாய் கர்த்தர் என்பதே இயல்பான வாசிப்பு. சிக்கலை மூடிவைப்பது பிரசங்கிக்கு உதவியன்று.

கர்த்தர் அனுமதித்தார், சாத்தான் செய்தான் என இணக்கம் காண்போர் உளர். யோபின் முதலிரு அதிகாரங்கள் அதற்குத் துணைநிற்கும். ஆயின் சாமுவேலின் ஆசிரியர் அனுமதியைப் பற்றிப் பேசவில்லை. கர்த்தருடைய கோபத்தைப் பற்றியே பேசுகின்றார். நன்மையையும் தீமையையும் ஒரே கரத்தினின்று பெற்றுக்கொள்வது பண்டை இஸ்ரவேலின் விசுவாசம். எருசலேமின் வீழ்ச்சியையும் சிறையிருப்பையும் கடந்து வந்த சமுதாயத்திற்கு எழுதிய நாளாகம ஆசிரியரோ அவ்வாறு சொல்லத் தயங்கினார். பழைய வரலாற்றை அவர் அறியாதவரல்லர். அறிந்தே மாற்றி எழுதினார். திருமறையைத் தொகுத்தோர் இரண்டையும் வைத்துக்கொண்டனர்.

களத்தின் விலை 50 சேக்கல் வெள்ளியா, 600 சேக்கல் பொன்னா என்பது இத்துணைக் கனமான வினாவன்று. ஆலயம் எழவிருக்கும் நிலத்தை நாளாகமம் மேன்மைப்படுத்துகின்றது (2 நாளாகமம் 3:1).

பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் நிற்கும் ஆயர் யாது சொல்வார்? நாமும் ஊழியத்தின் தொடக்கத்தில், ‘கர்த்தர் எடுத்துக்கொண்டார்’ என்று தயக்கமின்றிச் சொன்னதுண்டு. அத்தாய் நம்மை ஏறிட்டு நோக்கிய பார்வையே நாளாகம ஆசிரியரின் தயக்கத்தை நமக்கு விளக்கிற்று. எந்த விரிவுரை நூலும் அன்று. ஆயினும் யாவற்றையும் சாத்தான்மேல் சுமத்திவிட்டால், அவள் கர்த்தரிடம் முறையிடும் வழியும் அடைபட்டுப்போம். சாமுவேலின் ஆசிரியர் அவ்வழியை அடைக்கவில்லை. ஆகவே மாணவர் இவ்விரண்டில் ஒன்றைத் தெரிந்துகொண்டு மற்றதை விளக்கித் தள்ளிவிடலாகாது என்பது நம் கருத்து.

கொள்ளைநோயில் 70,000 பேர் மாண்டனர் என்பதில் இரு நூல்களும் ஒன்றுபடுகின்றன. தன்னை ஏவியவர் எவரென்று சொல்லித் தாவீது தப்பிக்கொள்ளவில்லை என்பதிலும் அவை ஒன்றுபடுகின்றன. ஆடுகளாகிய மக்கள் செய்த குற்றம் யாது எனக் கேட்டு, தண்டனை தன்மேலும் தன் தகப்பன் வீட்டின்மேலும் வரட்டும் என்றே இரு நூல்களிலும் அவன் மன்றாடுகின்றான்.