மினிக்காயில் இரைமீன் பிடிப்பு

லட்சத்தீவுகளின் தென்கோடியில் உள்ள மினிக்காய்த் தீவில் மீன்பிடிப்பு என்றால் பெரும்பாலும் சூரைமீன் பிடிப்பையே குறிக்கும். தமிழ்நாட்டில் மாசிக்கருவாடு என வழங்கும் பண்டம் இச்சூரையைப் பதப்படுத்திச் செய்யப்படுவதே. ஆயினும் சூரைக்குப் புறப்படும் படகு முதலில் ஆழ்கடலை நாடுவதில்லை. தீவை அடுத்த கடற்காயலில் உயிருள்ள சிறுமீன்களைச் சேகரித்த பின்னரே வெளிக்கடலுக்குச் செல்கிறது. இரைமீன் கிடைக்காத நாளில் சூரையும் இல்லை.

இரைமீனின் பணி

சூரைக் கூட்டத்தைக் கண்டதும் படகிலிருந்து இரைமீன்கள் சிறிது சிறிதாகக் கடலில் வீசப்படுகின்றன. கூடவே நீரும் தெளிக்கப்படுகிறது. சிறுமீன் கூட்டம் துள்ளுவதாக எண்ணிச் சூரைகள் மேற்பரப்பில் மொய்க்கின்றன. அந்நிலையில் மூங்கில் தூண்டிலின் முள்ளில் இரை கோக்கத் தேவையில்லை. பளபளக்கும் வெற்று முள்ளையே அவை கவ்வுகின்றன. முள்ளில் எதிர்க்கொக்கி இல்லாததால், மீன் தளத்தில் விழுந்ததும் தானே கழன்றுவிடுகிறது.

எளிய கருவி

இரைமீன் பிடிக்க மீனவர் பயன்படுத்தும் முக்கியக் கருவி சதுரமான தூக்குவலை. நெருங்கிய கண்களையுடைய வலையின் நான்கு மூலைகளும் கழிகளில் கட்டப்படுகின்றன. காயலின் மணற்பரப்பில், பவளத்திட்டுகளுக்கு அருகே, வலை அடிமட்டம் வரை இறக்கப்படுகிறது. அரைத்த சூரைச் சதையை வலைக்கு மேல் தூவியதும் சிறுமீன்கள் அதனைத் தின்னக் கூடுகின்றன. உடனே நான்கு கழிகளும் ஒரே சமயத்தில் உயர்த்தப்படுகின்றன. ஒரு மூலை தாமதித்தாலும் மீன்கள் அவ்வழியே தப்பிவிடும். இயந்திர வலிமையைவிட ஒத்துழைப்பே இங்குத் தேவைப்படுகிறது.

வெள்ளிநிறமான சிறு சாளை இனங்களே இரையில் முதன்மையானவை. பவளக் கிளைகளிடையே வாழும் வேறு சிறுமீன்களும் பயன்படுகின்றன. இவை செதில் உதிர்ந்தால் விரைவில் மடிந்துவிடும். ஆகவே கையால் தொடாமல் படகின் நடுவிலுள்ள நீர்த்தொட்டிக்கு மாற்றப்படுகின்றன. தொட்டியின் அடித்துளைகள் வழியே புதிய கடல்நீர் புகுகிறது. மிகுந்த நீர் வெளியேற்றப்படுகிறது.

எதிர்நோக்கும் சிக்கல்

1960-களில் தொடங்கிய படகு இயந்திரமயமாக்கல் இம்முறையை அகத்தி முதலிய பிற தீவுகளுக்கும் பரப்பியது. படகுகள் பெருக, இரைமீனின் தேவையும் பெருகியது. ஆனால் காயல் பெருகவில்லை. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் வெப்பமுற்றுப் பவளங்கள் வெளுத்தமை, இச்சிறுமீன்களில் பலவற்றின் உறைவிடத்தையே பாதித்தது. கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பைப் பெற்றுள்ளன. எனினும் வலை இழுக்கையில் அவற்றை முறிக்காதிருப்பது மீனவரின் கவனத்தையே பொறுத்தது.

தூண்டிலில் ஒவ்வொரு மீனாகப் பிடிக்கும் இம்முறையில் பிற உயிரினங்கள் வீணே மடிவது மிகக் குறைவு. இச்சிறப்பு நிலைக்க வேண்டுமாயின், அன்றைய தேவைக்கு மேல் இரைமீன் பிடிக்காமை, தொட்டியில் நெரிசலைத் தவிர்த்தல், ஒரே திட்டில் நாள்தோறும் வலையிடாமை ஆகியவை கைக்கொள்ளப்பட வேண்டும். சூரைவளத்தைக் கணக்கிடும் திட்டங்கள் இரைமீன் வளத்தையும் உடன் கணக்கிட வேண்டும். விரல்நீளச் சிறுமீனைக் காப்பது, அத்தீவின் வாழ்வாதாரத்தைக் காப்பதேயாகும்.