குழுநிலையில் மாறிய சட்டமூலம்

கொட்டாஞ்சேனையில் பத்தாம் வகுப்புக்குக் குடியியல் எடுத்துக்கொண்டிருந்தேன். (தமிழ்ச் சிறப்புப் பட்டதாரியின் தலையில் குடியியல் வந்து விழுந்த கதை வேறு.) மாகாண சபையின் ஆயுள் ஐந்து ஆண்டுகள் என்று பலகையில் எழுதியதும் பின்வாங்கிலிருந்து ஒரு குரல்: "அப்பிடியெண்டா சேர், நாங்க ஏன் அந்த எலெக்சனக் கண்டதேயில்ல?"

நியாயமான கேள்வி. மேல் மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 மார்ச் 29 இல். அப்போது அந்தப் பிள்ளைக்கு நாலைந்து வயதிருக்கும். பதிலைத் தேடிப்போனால், நமது பாராளுமன்றம் சட்டம் இயற்றும் முறையில் போய் முட்டுகிறோம்.

ஒரு சட்டமூலம் வர்த்தமானியில் வெளியாகி, பின்னர் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் சேர்க்கப்படும். அதன்பின் குறித்த சில நாட்களுக்குள் எந்தப் பிரசையும் உயர் நீதிமன்றம் செல்லலாம். 2017 இல் அந்த அவகாசம் ஒரே ஒரு வாரம். பிறகு இரண்டாம் மதிப்பீடு, குழுநிலை, மூன்றாம் மதிப்பீடு. சபாநாயகர் சான்றுரை எழுதிவிட்டால் கதை முடிந்தது. அரசியலமைப்பின் 80(3) ஆம் உறுப்புரைப்படி எந்த நீதிமன்றமும் அச்சட்டத்தைக் கேள்வி கேட்க இயலாது. இந்தியாவில் எத்தனை ஆண்டு கழிந்தும் ஒரு சட்டத்தை நீதிமன்றம் செல்லாததாக்கலாம். இங்கும் 1972 வரை அந்த வாசல் திறந்தே இருந்தது.

ஆகவே, வழக்குத் தொடரும் காலம் கடந்தபின் குழுநிலையில் எதைப் புகுத்தினாலும் மக்களுக்குத் தடுக்க வழியில்லை. 2017 இன் மாகாண சபைகள் தேர்தல் திருத்தச் சட்டமூலம் வர்த்தமானிக்கு வந்தபோது அதன் நோக்கம் வேட்பாளர்களில் 30 சதவீதம் பெண்கள் என்பதுதான். யார் வழக்குப் போடுவார்? செப்டம்பர் 20 ஆம் திகதி குழுநிலையில் தேர்தல் முறையே மாறிப்போயிற்று. விகிதாசாரம் போய்க் கலப்பு முறை வந்தது: பாதி தொகுதி, பாதி பட்டியல்.

நான் குடியிருக்கும் வெள்ளவத்தையில் நம்மவர் ஒழுங்கைக்கு நாலு வீடாகச் சிதறி வாழ்கிறோம். மாவட்டம் முழுவதும் சேர்த்து எண்ணினால் எங்கள் வாக்குக்கு ஒரு கனம் உண்டு. தொகுதி தொகுதியாக வெட்டினால் எல்லை கீறுபவர் கையில்தான் எல்லாம். இருந்தும் முஸ்லிம் கட்சிகளும் அன்று ஆதரவாகவே வாக்களித்தன. இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

2018 ஆகஸ்ட் 24 அன்று எல்லை நிர்ணய அறிக்கை வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139 வாக்குகள். ஆதரவாக ஒன்றுகூட இல்லை. அதைச் சமர்ப்பித்த அமைச்சர் பைஸர் முஸ்தபாவும் எதிர்த்தே வாக்களித்தார்! பழைய முறை ஒழிந்தது. தொகுதிகள் இல்லாததால் புதிய முறையையும் நடத்த முடியவில்லை. சபைகளின் பொறுப்பு ஆளுநர்களிடம் போனது. எங்கள் பாடசாலை மாகாண சபைக்கு உரியது. அதன் குறையைச் சொல்ல, பெற்றோர் தெரிவுசெய்த உறுப்பினர் ஒருவரும் அச்சபையில் இல்லை.

2024 ஜனவரியில் 108 க்கு 62 என நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டத்திலும் இதே பிணக்குத்தான். உயர் நீதிமன்றம் கேட்ட திருத்தங்கள் முழுமையாகச் சேர்க்கப்படவில்லை என்ற வழக்கு 80(3) இல் முட்டி நின்றது.

அந்த உறுப்புரையை நீக்க மூன்றில் இரண்டு வேண்டும். அது இலேசில் நடவாது. ஆனால் நிலையியற் கட்டளைகளைச் சபையே தீர்மானத்தால் மாற்றலாம். சட்டமூலத்தின் நோக்கத்தையே மாற்றும் திருத்தம் குழுநிலையில் வந்தால், அதை நிறுத்தி, புதிய சட்டமூலமாக மீண்டும் வர்த்தமானிக்கு அனுப்ப வேண்டும் என்றொரு கட்டளை போதும். நமது உறுப்பினர்கள் எந்தக் கட்சியில் இருந்தாலும் இதைக் கேட்கலாம்; இதற்கு அமைச்சுப் பதவி தேவையில்லை.