முட்டத்துப் பார்களில் கலவாத் தூண்டில்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், பாறைகள் கடலுக்குள் இறங்கி நிற்கும் முட்டத்துக்கு அப்பால், கடலடியிலும் பாறைத் திட்டுகள் பரந்து கிடக்கின்றன. மீனவர் ‘பார்’ என வழங்கும் இத்திட்டுகளின் பொந்துகளே கலவா மீனின் வாழிடம். அமெரிக்க ஏரிகளில் கோடைதோறும் தூண்டிலுக்கு இலக்காகும் பாஸ் மீனைப் போலவே கலவாவும், மறைவில் அசையாதிருந்து, இரை நெருங்கியதும் அகன்ற வாயைத் திறந்து அதனை நீரோடு உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது.

கோடையில் பெரிய ஏரிகளின் மேல்நீர் சூடேறி, அடிநீரில் உயிர்வளி குன்றுவதால், மீன் இடைப்பட்ட ஆழத்து மறைவுகளில் ஒதுங்குகிறது. முட்டத்துக் கடலிலோ, தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும்போது மேல்நீர் கரையைவிட்டு விலக, அதன் இடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்நீர் ஊட்டச்சத்துகளோடு எழும்புகிறது. அதனால் மிதவை நுண்ணுயிர்கள் பெருகி, அவற்றை உண்ணும் சாளை போன்ற சிறுமீன்கள் திரள்கின்றன. எழும்பும் நீரில் உயிர்வளி குறைவு என்பதால் அடித்தரை மீன்கள் இடம்பெயர்வதும் உண்டு. இப்பருவத்தில், ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள், மேற்குக் கரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம்.

ஜிபிஎஸ் கருவி வருமுன் நீருக்கடியிலுள்ள பாரைக் கண்டறிந்த முறை வியக்கத்தக்கது. கரையருகே உள்ள தேவாலயக் கோபுரமோ கலங்கரை விளக்கமோ அதற்குப் பின்னுள்ள மலைமுகட்டோடு நேர்க்கோட்டில் பொருந்தும்வரை கட்டுமரத்தைச் செலுத்தி, பிறிதொரு திசையிலும் அவ்வாறே ஓர் இணையைப் பொருத்தினால், இரு கோடுகளும் வெட்டுமிடத்தில் பார் அமையும். எந்த நிலவரைபடமும் இன்றித் தலைமுறைகளாக நினைவில் காக்கப்பட்ட வடிவியல் இது.

ஈயக்குண்டு கட்டிய நரம்பில் சாளையையோ கணவாய்த் துண்டையோ கோத்து இறக்கி, குண்டு தரை தட்டியதும் சற்றே உயர்த்திப் பிடிப்பர். தரையில் கிடந்தால் தூண்டில் கல்லிடுக்கில் சிக்கும். கலவா கவ்விய நொடியே பொந்துக்குள் பாய்ந்து, செவுள்மூடிகளை விரித்துப் பாறையில் இறுகிக்கொள்ளும் என்பதால், முதல் சில பாக நரம்பை, அதாவது விரித்த இரு கைகளின் நீளத்தைச் சில முறை, இடைவிடாது இழுத்துவிடுவதிலேயே வெற்றி அடங்கியுள்ளது.

ஆழத்திலிருந்து விரைந்து மேலேறுகையில் நீரழுத்தம் குறைய, மீனின் காற்றுப்பை உப்பி இரைப்பையை வாய்வழியே தள்ளிவிடுவதுண்டு. அத்தகைய குஞ்சுக் கலவாவைக் கடலில் விட்டாலும் பிழைப்பது அரிது. கலவா இனங்களிற் பல பெண்ணாக முதிர்ந்து, வளர்ந்தபின் ஆணாக மாறுபவை. ஆகவே சிறியதைப் பிடித்தால் முட்டையிடும் வாய்ப்பும், பெரியவற்றையே தொடர்ந்து பிடித்தால் அந்தப் பாரின் ஆண்மீன்களும் குறைகின்றன.